பிரிஃபிக்ஸ் வேறு, டெஸ்ட்டிர் வேறு

"பிரிஃபிக்ஸும் டெஸ்ட்டிரும் ஒன்றுதான், நிறுவல் குறிப்பில் ஏதாவது ஒன்றை எழுதினால் போதும்" என்று நிறுவல் குறிப்பு பற்றிய விவாதத்தில் ஒருவர் சொல்லியிருப்பது சரியல்ல. இரண்டும் மூல நிரலிலிருந்து மென்பொருளை நிறுவும்போது கொடுக்கும் பாதைகள்தான், ஆனால் வேலை வேறு. குனு ஆட்டோகான்ஃப் (மூல நிரலை அந்தந்தக் கணினிக்கு ஏற்பத் தயார்செய்ய உதவும் கருவி) முறையில் பிரிஃபிக்ஸை கான்ஃபிகர் செய்யும்போதே, அதாவது தொகுப்பதற்கு முன்பே, கொடுக்கிறோம். மென்பொருள் கடைசியில் எங்கிருந்து ஓடப்போகிறதோ அந்த இடம் அது, சொல்லாவிட்டால் /யுஎஸ்ஆர்/லோக்கல். பல நிரல்களில் அந்தப் பாதை உள்ளேயே பதிந்துவிடும். டெஸ்ட்டிரோ மேக் இன்ஸ்டால் (கோப்புகளை நிறுவும் கட்டளை) நேரத்தில் கோப்புகளைத் தற்காலிகமாக வேறொரு அடைவுக்குள் இறக்கிவைக்க மட்டும்தான். டெபியன், ஆர்பிஎம் போன்ற லினக்ஸ் நிறுவல் பொதிகளைக் கட்டுபவர்களுக்கு அது இல்லாமல் வேலையே ஓடாது. அதை நிரந்தர இடமாக நினைத்து நிறுவினால், நிரல் தன் அமைப்புக் கோப்பை பிரிஃபிக்ஸ் காட்டும் பாதையில் தேடிவிட்டு, கிடைக்காமல் நின்றுவிடும்.

தயவுசெய்து சிஸ்கான்ஃப்டிரையும் (அமைப்புக் கோப்புகள் போகவேண்டிய அடைவைச் சொல்வது) குறிப்பில் சேருங்கள், புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான். பிரிஃபிக்ஸை /யுஎஸ்ஆர் என்று மட்டும் கொடுத்தால் அமைப்புக் கோப்புகள் /ஈடிசிக்குப் போகாது, /யுஎஸ்ஆர்/ஈடிசிக்குத்தான் போகும்.