குழந்தைங்களோட கேம்பிங்: ராத்திரிக்கு ரெடி பண்ணுங்க, பகல் தானா நடக்கும்

குழந்தைங்களோட கேம்பிங் போறவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், அங்க போய் பசங்களுக்கு போர் அடிக்காம எப்படி பாத்துக்கறது, என்ன விளையாட்டு சாமான் எடுத்துட்டு போறதுன்னு. பகலைப் பத்தி கவலையே படாதீங்கன்னுதான் நான் சொல்வேன். ஒரு ஓடை, கொஞ்சம் மண்ணு, நாலு குச்சி கிடைச்சா சாப்பிடக் கூப்பிட்டாக் கூட வரமாட்டாங்க. ட்ரிப் நல்லா இருந்துச்சா, இல்ல 'இனிமே வரவே மாட்டேன்'னு அழறாங்களான்னு முடிவாகறது ராத்திரிலதான்.

முதல்ல குளிர். போர்வை மேல போர்வையா அள்ளிட்டு போறோம், ஆனா உடம்புச் சூட்டை அதிகமா இழுக்கறது கீழ இருக்கற தரைதான். படுத்ததும் ஸ்லீப்பிங் பேக்கோட அடிப்பக்கம் நசுங்கிடும், நசுங்கினா அதுல காத்து நிக்காது, காத்து நிக்கலன்னா சூடும் நிக்காது. அதனால காசு செலவு பண்றதா இருந்தா கீழ விரிக்கிற நல்ல ஸ்லீப்பிங் மேட்டுக்கு முதல்ல பண்ணுங்க. வளர்ந்தாலும் ஆகும்னு பெரியவங்க சைஸ் ஸ்லீப்பிங் பேக்கை சின்னப் பிள்ளைக்குக் குடுக்காதீங்க, உள்ள இருக்கற அத்தனை காலி இடத்தையும் அந்த சின்ன உடம்புதான் சூடாக்கணும். எடையோட பாத்தா குழந்தைங்களுக்கு தோல் பரப்பு நம்மளைவிட அதிகம், சீக்கிரம் சில்லுனு ஆயிடுவாங்க. படுக்கறதுக்கு முன்னாடி சாக்ஸ் உட்பட எல்லாத்தையும் காஞ்ச துணியா மாத்திடுங்க, பகல்ல போட்டது வேர்வைல லேசா ஈரமாதான் இருக்கும்.

டென்ட்டை பள்ளத்துலயோ ஓடைக்கரை ஒட்டியோ போடாதீங்க. குளிர்ந்த காத்து பள்ளத்துலதான் போய்த் தேங்கும், மேல எங்கயோ மழை பெஞ்சா ஓடையும் திடீர்னு ஏறும். டென்ட்ல காத்து போய் வர்றதுக்கு இருக்கற வென்ட்டை மூடினா மூச்சு ஈரம் பூரா துணியில படிஞ்சு விடியறப்ப மேல சொட்டும். எவ்வளவு குளிரினாலும் அடுப்பு, கரி எதையும் டென்ட்டுக்குள்ள கொண்டு போகவே கூடாது, தயவுசெஞ்சு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

அடுத்தது இருட்டு. ஆளுக்கொரு டார்ச், அவங்களோடதே. என் சின்னவ டார்ச்சை கயித்துல மணிக்கட்டுல கட்டிக்குவா, டென்ட்டோட மூலை மூலையா வெளிச்சம் அடிச்சுப் பாத்து, ஜிப்பை கடைசி வரைக்கும் இழுத்து, கையால ஒருதடவை தடவிப் பாத்துட்டுதான் படுப்பா. அந்த செக்கிங் அவ வேலை, நாங்க யாரும் தலையிட மாட்டோம். நிஜமான வேலை குடுத்தா குழந்தைக்கு பயம் பாதி குறைஞ்சிடும்னு நான் உறுதியா நம்பறேன். டென்ட் ஆணி அடிக்கவும் விடுங்க, கோணலா போனா போகட்டும், அதுக்காகவாவது வெளிச்சம் இருக்கறப்பவே இடத்துக்குப் போய் சேருங்க.

அப்புறம் எல்லா லைட்டையும் அணைச்சுட்டு கூட உக்காருங்க. கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். நடுவுல ஒருத்தர் போனை எடுத்தா போச்சு, திரும்ப முதல்ல இருந்து. பழகிட்டா குழந்தைங்களே 'அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு'ன்னு நட்சத்திரம் எண்ண ஆரம்பிச்சிடுவாங்க. முடிஞ்சா ஆகஸ்ட் 12, 13 பெர்சீட்ஸ் இல்ல டிசம்பர் 13, 14 ஜெமினிட்ஸ் எரிகல் மழையை ஒட்டி நிலா இல்லாத ராத்திரியா ப்ளான் பண்ணுங்க. ஜெமினிட்ஸ் 9, 10 மணிக்கே தெரிய ஆரம்பிக்கறதால சின்னப் பசங்களும் முழிச்சிருந்து பாக்கலாம்.

கழுத்துல ஒரு விசில் மாட்டி விடுங்க. காட்டுல தொலைஞ்சா தேடி அலையாம பக்கத்துல இருக்கற மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு அங்கேயே இருன்னு சொல்லிக் குடுங்க. 1981ல கலிஃபோர்னியாவுல ஒரு பையன் தொலைஞ்சு இறந்து போனதுக்கப்புறம் இதையே ஒரு பாடமா குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரே இடத்துல இருக்கற குழந்தையைக் கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம்.

கேம்ப்ஃபயரை எரியறப்ப எல்லாரும் பாத்துப்போம், ஆனா காலைல சாம்பல் பூத்த இடத்துல வெறுங்காலோட ஓடற குழந்தையை யாரும் கவனிக்க மாட்டோம். அடியில கங்கு விடிய விடிய இருக்கும். மண்ணைப் போட்டு மூடினா சூடு உள்ளயே நிக்கும், அதனால தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்தி, புறங்கையை கிட்ட காட்டி சூடு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் படுக்கப் போகணும்.