திட உணவு: ஆறாம் மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போட வேண்டாம்

குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்ததும் "இன்னும் வெறும் பால்தானா?" என்று யாராவது ஒருவர் கேட்கத் தொடங்கிவிடுகிறார். அவசரப்பட்டுத் தொடங்குவது தவறு என்பதை இன்று பெரும்பாலான இளம் பெற்றோர் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையை மட்டுமே மனத்தில் இருத்திக்கொண்டு, ஏழு மாதம், எட்டு மாதம் என்று தள்ளிப்போடுகிறவர்களையும் நான் தொடர்ந்து பார்க்கிறேன். தாமதத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதை யாரும் அவர்களிடம் உரக்கச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

முதலில் பரிந்துரைகளைப் பார்த்துவிடுவோம். நான்கு முதல் ஆறு மாதம் வரை என்றிருந்த அறிவுரையை 2001-இல் மாற்றி, முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆறு மாதம், அதாவது 180 நாள், நிறைந்ததும் இணை உணவை, அதாவது பாலோடு சேர்த்துக் கொடுக்கும் பிற உணவை, தொடங்க வேண்டும் என்றே அதன் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. ஐரோப்பியக் குழந்தைநல இரைப்பை, குடல் மருத்துவர்களின் சங்கம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, நான்கு மாதம் முடிவதற்கு முன் கூடாது, ஆறு மாதத்தைத் தாண்டித் தாமதிக்கவும் கூடாது என்று வரையறுக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து இணையத்தில் நடக்கும் சண்டைகளில் எனக்கு ஆர்வமில்லை. நான்கு மாதத்திற்கு முன் வேண்டாம் என்பதிலும், ஆறு மாதத்திற்குப் பின் காத்திருக்க வேண்டாம் என்பதிலும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த இடைவெளிக்குள் எந்த நாள் என்பதைக் குழந்தையின் உடலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கழுத்து உறுதியாக நிற்க வேண்டும். சிறிது பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு பொருளைப் பார்த்து, கையால் பற்றி, தானே வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது நாக்கு. வாயின் முன்பகுதியில் எது பட்டாலும் நாக்கால் வெளியே தள்ளுவது பச்சிளங்குழந்தையின் இயல்பான அனிச்சைச் செயல். மசித்த உணவைக் கரண்டி நுனியில் எடுத்து உதட்டில் வைத்தால், அது அப்படியே தாடையில் வழிந்து வந்துவிடும். வழித்து மீண்டும் வைத்தால் மீண்டும் வெளியே வரும். குழந்தைக்கு அந்தச் சுவை பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். விழுங்கும் பழக்கத்திற்கு வாய் இன்னும் ஆயத்தமாகவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் விட்டுவிட்டு மீண்டும் முயன்றால் போதும்.

விரல் சப்புவதும், இரவில் அடிக்கடி விழிப்பதும், வழக்கத்தைவிட அதிகமாகப் பால் கேட்பதும் இந்த ஆயத்தத்தின் அறிகுறிகள் அல்ல. உணவு கொடுத்தால் இரவு முழுவதும் தூங்கும் என்ற நம்பிக்கையை இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு சோதித்தது. மூன்று மாதத்திலிருந்தே உணவு தொடங்கிய குழுவில் கூடுதலாகக் கிடைத்த தூக்கம், மிக அதிகமான நிலையில்கூட, ஓர் இரவுக்குப் பதினாறு நிமிடம்தான். களைத்துப்போன தாய்க்குப் பதினாறு நிமிடமும் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை.

இனி தாமதத்தைப் பற்றி. கருவிலிருக்கும்போதே, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், குழந்தை தன் உடலில் இரும்புச்சத்தைச் சேமித்துக்கொள்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் வரை தாங்கும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படுகிறது என்றாலும், அதன் அளவு ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஏழு முதல் பன்னிரண்டு மாதம் வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் தேவை என்று அமெரிக்க ஊட்டச்சத்து அளவீடுகள் கூறுகின்றன. பால் எவ்வளவு நிறைவாகச் சுரந்தாலும் அந்த இடைவெளியை அதனால் மட்டும் நிரப்ப முடியாது. இரும்புக் குறைபாடு ரத்தசோகையோடு நிற்பதில்லை, மூளை வேகமாக வளரும் பருவத்தில் அதன் வளர்ச்சியையும் பாதிக்கிறது. ஆகவே முதல் வாரங்களில் கொடுப்பது எதுவாயினும், இரும்புச்சத்து நிறைந்த ஒன்று, இறைச்சியோ பருப்போ இரும்பு சேர்த்த தானியமோ, அதில் விரைவில் இடம்பெற வேண்டும். நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையும், சத்து சேராது.

ஒவ்வாமை பயமும் பலரைத் தயங்க வைக்கிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பே 2000-இல், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம் என்றது; 2008-இல் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. 2015-இல் வெளியான லண்டன் ஆய்வில், கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு நான்கு முதல் பதினொரு மாதத்திற்குள் நிலக்கடலை சேர்த்த உணவு தொடங்கப்பட்டது. ஐந்து வயதானபோது, அதுவரை கடலையைத் தவிர்த்தவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கு அந்த ஒவ்வாமை இருந்தது. உண்டவர்களில் 3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் அதோடு தகர்ந்தது. கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். கடலையை முழுதாகக் கொடுக்கவே கூடாது. நன்றாக அரைத்து, நீர்க்கக் கலந்து கொடுக்க வேண்டும். தேன் வேறு கணக்கு: அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளால் பாட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரலாம் என்பதால் ஒரு வயது வரை ஒரு துளியும் வேண்டாம்.

அடுத்த பயம் தொண்டையில் சிக்கிவிடுமோ என்பது. கட்டி சற்று பெரிதாக இருந்தால் குழந்தை ஓங்கரித்து, முகம் சிவந்து, சத்தத்தோடு அதை முன்னுக்குத் தள்ளும். பார்க்கிற நமக்கு நெஞ்சு பதறும். ஆனால் அது குழந்தை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழி. உண்மையான மூச்சடைப்பில் பெரும்பாலும் சத்தமே வராது. இந்த வேறுபாட்டையும், மூச்சடைத்தால் செய்ய வேண்டிய முதலுதவியையும் முதல் கரண்டிக்கு முன்பே வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் கற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயந்து மாதக்கணக்கில் கூழாகவே ஊட்டுவதும் உதவாது. பத்து மாதத்திற்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பழகிய குழந்தைகளிடம் பின்னாளில் உண்பதில் சிக்கல்கள் அதிகம் காணப்பட்டன.

தொடங்கிய பின் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு முதல் எட்டு மாதத்தில் ஒரு நாளைக்குத் தேவையான சுமார் 600 கலோரியில் 200 மட்டுமே உணவிலிருந்து வந்தால் போதும். மீதி பாலிலிருந்தே கிடைக்கும். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடலாம். ஒரு சுவையை எட்டுப் பத்து முறை மறுத்த பிறகும் ஏற்றுக்கொள்வதுண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் மேற்சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது: அவர்களின் இரும்புச் சேமிப்பு முன்னதாகவே தீர்ந்துவிடும், கழுத்து நிற்பதோ தாமதமாகும். எனவே அவர்களுக்கான நாளையும், அதுவரை இரும்புச்சத்துச் சொட்டு மருந்து வேண்டுமா என்பதையும் குழந்தைநல மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.