மூக்கடைப்பே இல்லாத வண்டிக்கு மூக்கு ஆபரேஷன்

கூம்பு ஃபில்டர் போட்டால் ஸ்விஃப்டில் பவர் 15 சதவீதம் ஏறும் என்று ஒரு தம்பி போட்டிருக்கிற அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. மூன்று தடவை பார்த்தாச்சு. கீழே தம்பிமார்கள் மெக்கானிக்கான எனக்குப் பாடியிருக்கிற மங்களத்தையும் வாசித்தாச்சு. "பழைய பஞ்சாங்கம்", "அண்ணாச்சிக்கு வயித்தெரிச்சல்", "ஆயில் மாத்துறதோட நிறுத்திக்கிடும்வே". சரி, நிறுத்திக்கிடுதேன். ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு.

1197 சிசி ஸ்விஃப்டில் கம்பெனி ஏர் ஃபில்டரை டப்பாவோடு எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் போட்டால் பவர் 15 சதவீதம் ஏறாது. ஐந்தும் ஏறாது. அந்த வண்டிக்கு அடைப்பு ஃபில்டரில் இல்லை. இதை அன்றைக்குக் கமெண்டில் ஒரே வரியாகப் போட்டேன், அதற்குத்தான் இவ்வளவு பாட்டு.

கணக்கைப் பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், 3000 தடவை. 1.197 லிட்டரை 3000-ஆல் பெருக்கினால் 3591 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 3050 லிட்டர் சொச்சம். இதுதான் அந்த வண்டி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து உச்சத்தில் கேட்கிற காற்று. நம்ம ஊர் சாலையில் ஓட்டுகிற 2500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தாலும் 1270 லிட்டர்தான். கம்பெனி ஃபில்டரை மடிப்பு மடிப்பாக மடித்து வைத்திருப்பது அழகுக்கு இல்லை. உச்சத்துக் காற்றையும் திணறாமல் விடத்தான் அவ்வளவு பரப்பு.

"கணக்கெல்லாம் பேப்பர்ல, ரோட்ல வேற" என்பவர்களுக்கு ரோட்டிலேயே அளக்க வழி இருக்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிவான ட்யூப் இரண்டு மூன்று மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் U மாதிரி வளைத்துக் கட்டி, நடுவில் ஸ்கேல் ஒட்டி, பாதி வரை மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு கையும் அரை மீட்டர் உயரமாவது இருக்கட்டும். குட்டையாகக் கட்டினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு என்னை வையக் கூடாது. ஒரு முனை திறந்தபடி கேபினுக்குள். மறுமுனை பானட் ஓரமாகப் போய், ஃபில்டர் உட்கார்ந்திருக்கிற டப்பாவான ஏர்பாக்ஸின் மூடியில், ஃபில்டருக்கு அப்புறம், சுத்தக் காற்று போகிற பக்கத்தில். இதற்கென்று பழைய மூடி ஒன்றை வாங்கி 6 மி.மீ. துளை போட்டு கிரோமெட் என்கிற ரப்பர் வளையம் வைத்துக்கொண்டால் நல்ல மூடியைக் கெடுக்க வேண்டாம். விடியக்காலையில் நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச்சாலை காலியாக இருக்கும். இரண்டாவது கியர், 2500-இல் இருந்து 6000 வரை முழு மிதி. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் ட்யூப்பைப் பார்க்கட்டும். இரு கைக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முனையை ஃபில்டருக்கு முன்னால், அழுக்குப் பக்கத்தில் மாற்றி அதே ஓட்டம். இரண்டையும் கழித்தால் வருவதுதான் ஃபில்டரின் பங்கு. மற்றதெல்லாம் வெளிக்காற்றை ஏர்பாக்ஸுக்குக் கொண்டுவருகிற மூக்குக்குழாயின் வேலை.

காற்று மண்டல அழுத்தம் 1033 செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். அதாவது ட்யூப்பில் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஒரு சதவீதம். சுத்தமான காகித ஃபில்டரில் ஃபில்டரின் பங்கு அந்தப் பத்தைத் தொடுவதே அபூர்வம். பத்து என்றே வையுங்கள். ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஓட்டையோடு ஓட்டினாலும் மீள்வது ஒரு சதவீதம். 83 பிஎஸ் (குதிரைத்திறன்) வண்டியில் 0.8 பிஎஸ். ஃபில்டரே இல்லாமல் 0.8! இதில் எந்த மந்திரக் கூம்பு 12 பிஎஸ்ஸைக் கொண்டுவந்து ஊற்றும்?

இத்தோடு விட்டால் பரவாயில்லை. கம்பெனி மூக்குக்குழாய் ரேடியேட்டருக்கு முன்னால், வெளிக்காற்று படுகிற இடத்தில் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டுக் கூம்பைப் பானட்டுக்குள் நட்டு வைக்கிறார்கள். ரேடியேட்டர் விசிறி அடிக்கிற அனலெல்லாம் அதற்குத்தான் சாப்பாடு. வெளியே 40 டிகிரி, நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை நெரிசலில் நின்று கிளம்பும்போது உள்ளே சுலபமாக 60. காற்றின் அடர்த்தி 6 சதவீதம் போச்சு. போதாததற்குக் காற்று சூடு என்று தெரிந்ததும் எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், அதிலும் இழுவை குறையும். ஒரு ரூபாய் மிச்சம் பிடித்து ஆறு ரூபாய் தண்டம் கட்டுகிற வேலை. வண்டி நல்ல ஓட்டத்துக்கு வந்ததும் பானட் சூடு இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டவுன் ரத வீதியில் எத்தனை நிமிடம் நல்ல ஓட்டத்தில் போகிறோம்?

"அப்போ வீடியோவில வண்டி பிச்சிக்கிட்டுப் போகுதே?" போகுது. ஏன் போகுது என்று பாருங்கள். முதல் ஓட்டத்தில் நிழல் வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறது, உச்சி வெயில். இரண்டாவது ஓட்டத்தில் பனைமர நிழல் ரோட்டைத் தாண்டிக் கிடக்கிறது, விடியக்காலை. இடையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி. மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் என்று பிடித்தால் நாலு சதவீதம் காற்று சும்மாவே கூடுதலாகக் கிடைத்துவிட்டது. கழற்றிக் காட்டுகிற பழைய ஃபில்டர் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது, மடிப்புக்குள் அணில் கொண்டுவந்த தேங்காய் நார் வேறு. அடைத்துக் கிடந்த காகிதத்தோடு புதுக் கூம்பை ஒப்பிட்டால் கூம்புதான் ஜெயிக்கும். 350 ரூபாய்க்குப் புதுக் காகிதம் போட்டு ஒரு ஓட்டம் காட்டியிருக்கலாமே? காட்டமாட்டார்கள். முதல் ஓட்டத்தில் பின்சீட்டில் ஒரு தலை தெரிகிறது, இரண்டாவதில் அந்தத் தலையைக் காணோம். நேரம் எடுத்தது கைபேசி ஸ்டாப்வாட்சில், வண்டியின் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து. இது சோதனை என்றால் எங்கள் தெருவில் பிள்ளைகள் டயர் உருட்டுவதும் சோதனைதான்.

வண்டியை நிறுத்தி வைத்துப் பவரை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றிக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் பானட்டை மூடிக்கொண்டு ஏற்றுங்கள். பானட்டைத் திறந்துவைத்து முன்னால் பெரிய விசிறியையும் ஓடவிட்டால் கூம்புக்குக் குற்றாலக் காற்று கிடைக்கும். ரோட்டில் பானட்டைத் திறந்துகொண்டா போவீர்கள்? கம்பெனி ஃபில்டரில் மூன்று ஓட்டம், கூம்பில் மூன்று ஓட்டம், மறுபடி கம்பெனி ஃபில்டரில் ஒன்று. அந்தக் கடைசி ஓட்டம்தான் முக்கியம். எஞ்சின் சூட்டில் வந்த வித்தியாசமா, ஃபில்டரில் வந்த வித்தியாசமா என்பது அதில் தெரிந்துவிடும்.

"சத்தம் சூப்பரா இருக்குண்ணே." இருக்கும் தம்பி. கம்பெனி ஏர்பாக்ஸும் அதோடு இருக்கிற ரெசனேட்டர் டப்பாவும் அந்த உறுமலை அமுக்கத்தான் இருக்கின்றன. எடுத்தால் உறுமும். உறுமினால் காது வேகம் என்று நினைத்துக்கொள்ளும். சத்தத்துக்காகப் போடுகிறேன் என்று சொல்லிப் போடுங்கள், உங்கள் காசு, உங்கள் காது. சண்டையே இல்லை.

"ரேஸ் கார்ல போடுதாம்லா?" போடுவான். அவன் கேம், ஹெட், ஈசியு எல்லாம் மாற்றி 8000 சுற்றுக்கு மேல் ஓட்டுகிறான். ஒவ்வொரு ரேசுக்கும் எஞ்சினைப் பிரிக்கிறான். நீங்கள் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறீர்கள்.

"கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்கப் பேப்பரைப் போடுதான்." அரை கிலோமீட்டர் மைலேஜுக்காக பம்பரில் கிராம் கணக்கில் பிளாஸ்டிக்கைக் குறைக்கிறவன், ஒரு கூம்பை மாட்டினால் 15 சதவீதம் கிடைக்கும் என்றால் விடுவானா? விளம்பரத்தில் முதல் வரியாகப் போட்டிருக்கமாட்டானா?

மைலேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்ரோல் வண்டியில் பாதி மிதியில் போகும்போது காற்றைத் தடுப்பது ஆக்சிலேட்டரோடு திறந்து மூடுகிற த்ராட்டில் தட்டு. வேண்டுமென்றே தடுக்கிறது, அதுதான் அதன் வேலை. பின்னால் கதவைப் பாதி சாத்திவிட்டு முன்வாசலை அகலப்படுத்தினால் என்ன கூடுதலாக வந்துவிடும்? 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் புது வகை இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்தே பார்த்தார்கள். மைலேஜ் குறையவில்லை, முழு மிதியில் வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. அடைத்த ஃபில்டரிலேயே மைலேஜ் போகவில்லை என்றால் நல்ல ஃபில்டரை மாற்றி எங்கிருந்து மைலேஜ் வரும்?

சரி, லாபம் இல்லை, நட்டமும் இல்லை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். நம்ம சீமை மண்ணைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். காற்றாலைக்குக் கொண்டாட்டம், எஞ்சினுக்குத் திண்டாட்டம். நல்ல காகிதம் 99 சதவீதத் தூசியைப் பிடிக்கும், எண்ணெய் பூசின பஞ்சு 97 பிடிக்கும் என்று வையுங்கள். "ரெண்டுதானே வித்தியாசம்" என்பார்கள். உள்ளே போவதைக் கணக்குப் போடுங்கள். நூறு கிராமுக்கு ஒன்று போன இடத்தில் மூன்று போகிறது. மூன்று மடங்கு!

போன ஆடியில் திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு வேகன்ஆர் வந்தது. கூம்பு போட்டு ஒரு வருஷம். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழற்றி, வெள்ளைப் பனியன் துணியை விரலில் சுற்றி உள்ளே ஒரு இழுப்பு. துணி செக்கச்செவேல் என்று வந்தது. தேரி மண், அந்தப் பக்கத்துச் செம்மணல். கையில் தேய்த்தால் நறநறவென்கிறது. வண்டியை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. கூம்பின் கழுத்துக்கும் ஹோஸுக்கும் அளவு சேராமல் சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிக் கிளாம்ப் போட்டிருந்தார்கள், அந்த இடுக்கு வழியாக ஃபில்டரே இல்லாத காற்று. மாட்டிவிட்ட கடையைச் சொல்லமாட்டேன். துணிச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகாது, கூம்பு போட்டிருக்கிறவர்கள் இன்றைக்கே செய்து பாருங்கள்.

பழைய 1248 சிசி டீசல் வைத்திருக்கிறவர்கள் இன்னும் உஷார். அதில் காற்றை அளக்கிற மாஃப் சென்சார் ஃபில்டருக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கும். பஞ்சைக் கழுவிவிட்டு "நல்லா இருக்கட்டும்" என்று எண்ணெயைக் குளிப்பாட்டினால் அது சென்சாரில் படிந்து இழுவை செத்துவிடும். தூசி போனால் டர்போ இறக்கை முனை மழுங்கும். பஞ்சுதான் வேண்டும் என்றால் கூம்பு வேண்டாம், கம்பெனி ஏர்பாக்ஸுக்குள்ளேயே உட்காருகிற தட்டை ரகம் போடுங்கள். கழுவும்போது சுத்தப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தண்ணீர், நிழலில் முழுசாகக் காயல், பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே ஒரு கோடு எண்ணெய், இருபது நிமிடம் ஊறவிட்டு மாட்டல். பவர் ஏறாது, ஆனால் கெடுதல் குறைவு.

பம்பருக்குக் கீழே குழாயை இறக்குகிற ஸ்டைல் ஒன்றும் கிளம்பியிருக்கிறது. "அங்கன காத்து குளிர்ச்சி"யாம். 2023 டிசம்பர் 17, 18 மறந்துபோச்சா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்ததே. முழங்கால் தண்ணீரில் அந்தக் குழாய் ஒரு மடக்கு குடித்தால் போதும். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட் வளையும். மூக்குக்குழாயை மேலே வைத்த கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை.

இப்போது அந்த வயிற்றெரிச்சல் விவகாரம். கூம்பு விற்றால் எனக்கும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு நிற்கும். 350 ரூபாய்க் காகிதத்தில் நிற்பது ஒரு டீ, ஒரு வடை. வயிறு எரிகிறவன் எதை விற்பான், நீங்களே சொல்லுங்கள். "ஃபில்டர் மாத்தணும் அண்ணாச்சி" என்றால் "போன வருஷம்தானே மாத்துனீரு, சும்மா காத்து அடிச்சு விடும்" என்கிற அதே வாய், யாரோ ஒரு பையன் வீடியோவில் சொன்னதும் ஏழாயிரம் எடுத்து நீட்டுகிறது. சும்மா காற்று அடிப்பதும் சும்மா இல்லை. பஞ்சர் கடைத் துப்பாக்கியைக் காகிதத்தில் ஒட்டவைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். டார்ச்சை உள்ளே வைத்து இருட்டில் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். எண்ணெய் ஊறின காகித ரகம் என்றால் அடிக்கவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். இதையெல்லாம் சொன்னால் "ஸ்பேர் விக்கப் பாக்காரு". சவத்த விடுங்க.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் இன்னும் சின்னப் பையன், வண்டி மேல் ஆசை. "நல்லா கேட்டீய" என்று கீழே வந்து கைதட்டினீர்களே, எத்தனையோ வருஷம் என்னிடம் வண்டி விட்ட நீங்கள், உங்கள் மேல்தான்.

கூம்பு போட்டே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு உபகாரம் மட்டும். கழற்றின ஏர்பாக்ஸ், ரெசனேட்டர், மூக்குக்குழாய், நாலு கிளிப், அடியில் இருக்கிற ரப்பர் புஷ், எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். அந்த வேகன்ஆருக்கு மூடி கிடைத்தது, அடிப்பாகம் கிடைக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.