உண்மை விளக்கம்: டான் குயிக்ஸாட் காலத்து ஸ்பெயினில் சோதிடமே தடையா?

"16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சோதிடம் அடியோடு தடை, அதனால்தான் எழுத்தாளர் செர்வாண்டிஸ் தம் 'டான் குயிக்ஸாட்' நாவலில் அதைக் கேலி மட்டுமே செய்தார்" என்றொரு செய்தி சுற்றி வருகிறது. இதில் பாதிகூடத் தேறாது.

1586இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் கண்டித்தது, மனிதரின் எதிர்காலத்தை அறுதியிட்டுச் சொல்லும் சோதிடத்தை. உழவுக்கும் மருத்துவத்துக்கும் கடற்பயணத்துக்கும் வானத்தைப் பார்க்க விலக்கு இருந்தது. ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் சோதிடம் பாடமாகவே நடந்தது.

அந்தச் சலமான்காவில் படித்து ஊர் திரும்பியவன்தான், 1605இல் வெளிவந்த நாவலின் முதல் பாகத்தில் வரும் கிரிசோஸ்தமோ. வானத்தைப் பார்த்து, இந்த ஆண்டு கோதுமை வேண்டாம், வாற்கோதுமை விதையுங்கள் என்கிறான். கேட்டு நடந்த தகப்பன் பணக்காரனாகிறான். கதை சொல்லும் ஆட்டிடையன் கிரகணம் என்ற சொல்லையே சிதைத்துவிடுகிறான். பொறுக்காமல் திருத்தும் நாவலின் நாயகர் டான் குயிக்ஸாட், அந்தக் கலையின் பெயர் சோதிடம் என்றும் எடுத்துச் சொல்கிறார். இதில் கேலி எங்கே? இருந்தால் அது இடையனின் உச்சரிப்பின் மேல்தான்.

கேலியும் உண்டு, 1615இன் இரண்டாம் பாகத்தில். அங்கும் டான் குயிக்ஸாட்டின் கோபம், அற்புதமான ஒரு கலையின் உண்மையைப் பொய்யால் கெடுப்பவர்கள் மீதுதான். ஒரு சீமாட்டி, தன் செல்ல நாய் எத்தனை குட்டி போடும், என்ன நிறத்தில் என்று கேட்கிறாள். மூன்று, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று கலப்பு நிறம் என்கிறார் சோதிடர். இரண்டே நாளில் நாய் அளவுக்கு மீறித் தின்று செத்துப்போகிறது. சோதிடருக்கோ, சொன்னது பிசகாதவர் என்று ஊரில் நல்ல பெயர்!