சைட்டில் டேப் ஒட்டினால் குடி முழுகிவிடாது

ஞாயிற்றுக்கிழமை நம் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். குறி பார்க்கத் துப்பாக்கி மேல் முன்னும் பின்னும் இருப்பதுதான் சைட். அதில் பின் சைட்டை டேப்பால் மறைத்துச் சுட்ட பையனிடம், டேப்பைப் பிய்த்து எறிந்து "இது என்ன சினிமாவா?" என்று கேட்டாராம் ரேஞ்சில் மூத்தவரான அண்ணன். குரூப்பில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்து முடித்தாயிற்றா?

குறி பார்க்காமல் சுடப் பழகுவது, குறி பார்த்துச் சுடுவதற்கு எதிரி இல்லை. துப்பாக்கியைக் குறி அட்டைக்குக் கொண்டுபோவது கை. சரிபார்ப்பது கண். கை கொண்டுபோகாத இடத்தில் கண் எதைச் சரிபார்க்கும்?

சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவரைப் பாருங்கள். கூட்டம் நெட்டித் தள்ளுகிறது, தோல்பை இடுப்பில். பார்வை சாமி மேல். குழாய் முனையை அவர் பார்ப்பதே இல்லை. தண்ணீர் போய்ச் சேருகிறதா இல்லையா? நம்ம ஊரில் இதைப் போய் சினிமா என்கிறார்கள்.

"அப்போ சைட்டே வேண்டாமா?" என்று கிளம்புவீர்கள், தெரியும். வேண்டும் சாமி. ஏர் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 32 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன் சைட் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், 10 மீட்டரில் குண்டு 31 மில்லிமீட்டர் ஒதுங்கும். பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் மொத்த அகலமே 11.5 மில்லிமீட்டர். பத்து ஏழாகிவிடும். சைட்டை நான் குறைத்துப் பேசவே இல்லை. அதனிடம் கையின் வேலையையும் சேர்த்துச் சுமத்தாதீர்கள் என்கிறேன்.

செய்கிற முறையாவது தெரியுமா? துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, அட்டை முன் நில்லுங்கள். கண்ணை மூடிக் கையைத் தூக்கி, ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன் சைட் இடமோ வலமோ போயிருந்தால் மணிக்கட்டைத் திருப்பாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். மணிக்கட்டால் இழுத்துப் பிடித்தது ட்ரிகர் விழும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். இது இருபது தடவை. அப்புறம்தான் டேப். 3 மீட்டரில் வெள்ளைத்தாள், ஐந்து பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டுதான்), கண் தாளில் மட்டும். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தால் 5 மீட்டர், பிறகு 7. வலது கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் குவிந்தால், பெரும்பாலும் ட்ரிகரோடு மொத்தக் கையையும் கசக்குகிறார் என்று அர்த்தம். கடைசிப் பத்துக் குண்டு டேப்பை எடுத்துவிட்டு, சைட் பார்த்து. இந்தக் கடைசிப் பத்தை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

இவ்வளவு கிட்டத்தில் பெல்லட் திரும்பித் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல், தாளுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடித்துக்கொள்ளும் பெட்டி இல்லாமல் செய்யவே கூடாது. ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் போடாமல் வெறுமனே சுடவும் கூடாது, பிஸ்டன் போய்விடும். அண்ணன் இதற்காகத் திட்டியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

"60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கே, என்ன அவசரம்?" 10 மீட்டர் போட்டிக்குச் சரி. வேகமாகச் சுடும் 25 மீட்டர் ரேபிட் ஃபயருக்கு வாருங்கள். தொடங்கும்போது கை 45 டிகிரியில் தாழ்ந்திருக்க வேண்டும், ஐந்து அட்டை, கடைசிச் சுற்றில் 4 விநாடி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம விஜய்குமார் வெள்ளி வாங்கியது இந்தப் போட்டியில்தான். கை தானாகப் போய் நிற்காமல் நாலு விநாடியில் ஐந்து அட்டையைச் சைட்டில் தேடிக் கண்டுபிடிப்பீர்களா? தேடுங்களேன், பார்க்கிறேன்.

"கண் பழக்கம் கெடும்." இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. சைட் பார்க்கும்போது முன் சைட் தெளிவாக, அட்டை மங்கலாகத் தெரிய வேண்டும். டேப் பயிற்சியில் கண் அட்டையில். பிடியே படியாத புதுப் பையனுக்கு இரண்டையும் கொடுத்தால் குழம்புவான். போட்டிக்கு முந்தின வாரமும் வேண்டாம். ஆனால் அவன் புதுப் பையனா? எத்தனை மாதமாக வருகிறான் என்று சிரித்தவர்களில் ஒருத்தராவது கேட்டீர்களா?

"இதெல்லாம் போலீஸ்காரன் வித்தை" என்று ஒருவர். நூறு வருடத்துக்கு முன் ஷாங்காய் போலீசுக்கு அங்கே அதிகாரியாக இருந்த ஃபேர்பேர்ன் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார், ஆமாம். அதனால் என்ன? ஓட்டமும்தான் போலீஸ் பயிற்சி. ஓடாமல் இருக்கிறோமா?

சொல்லிக் கொடுக்க நேரமில்லையென்றால் சும்மாவாவது இருக்கலாம். வயதுக்கு மரியாதை உண்டு அண்ணே, வயதுக்கு மட்டும்தான்.

புதன்கிழமை அந்தப் பையன் வரவில்லை. அவன் சுட்ட தாள் என்னிடம் இருக்கிறது: 5 மீட்டர், ஐந்து ஓட்டை, என் உள்ளங்கையை வைத்தால் ஐந்தும் மறைகிறது. சிரித்தவர்கள் டேப்போடு வாருங்கள், தாள் நான் தருகிறேன்.