முதலில் வண்டியை நிறுத்து, அப்புறம் சிரி

சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கத்து வுட்வர்டு சாலையில், வருடாந்திர கார் உலாவில் நடந்ததை நம் கார்க் குழுவுக்கு நான் மறுபடி சொல்லத் தேவையில்லை. வீடியோ எல்லோர் கையிலும் இருக்கிறது. ஷெவர்லேயின் 1969 கமாரோ பானட்டைத் திறந்துகொண்டு ஓரத்தில் நிற்கிறது, ஆவி பொங்குகிறது, நம் குழுவின் தம்பி கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். நம் ஆட்கள் மூன்று ஃபோர்டு மஸ்டாங்கில் வரிசையாக ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போகிறார்கள். பின்னணியில் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் யார் யார் குரல் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆனால் வீடியோவின் வலது ஓரத்தில் புல்தரையில் அவருடைய மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மா மடியில் சாய்ந்திருக்கிறாளே, அதைக் கவனித்தீர்களா? மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் எனக்கே கண்ணில் பட்டது. அதற்கப்புறம் அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை.

நான் ஃபோர்டு கட்சி. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 2007 மஸ்டாங் ஜிடி, 4.6 லிட்டர் வி8, கையால் கியர் போடுகிற வண்டி, இன்றைக்கும் என் கராஜில்தான் நிற்கிறது. ஷெவர்லேக்காரர்களைக் கிண்டல் செய்வதில் இந்தக் குழுவில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. கிண்டலே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. முதலில் வண்டியை நிறுத்து, அப்புறம் சிரி. நான் சொல்வது அவ்வளவுதான்.

டெட்ராய்ட் பக்கம் வந்து குடியேறுகிறவனுக்கு இந்த ஃபோர்டு, ஷெவி (அதாவது ஷெவர்லே) சண்டை முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஃபோர்டு என்பதன் நான்கு ஆங்கில எழுத்துக்கும் 'ரோட்டில் செத்துக் கிடந்தது' என்று அவர்கள் விரிவு சொல்வார்கள். 'பந்தய நாளில் முதலிடம்' என்று நாம் சொல்வோம். இது இன்று நேற்று வந்ததில்லை. 1927இல் ஃபோர்டு மாடல் டியை நிறுத்திவிட்டு அடுத்த வண்டிக்குத் தொழிற்சாலையை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஷெவர்லே விற்பனையில் முந்தியது. அன்றைக்குப் பிடித்த போட்டி. 1964 ஏப்ரலில் மஸ்டாங் வந்து ஊரையே ஆட்டிவைத்தது. இரண்டு வருடத்தில் பத்து லட்சம் வண்டி. 1966இல் கமாரோவைக் கொண்டுவந்தார்கள். கமாரோ என்றால் என்ன அர்த்தம் என்று நிருபர்கள் கேட்டதற்கு, மஸ்டாங்குகளைத் தின்கிற ஒரு சின்னப் பொல்லாத மிருகம் என்று ஷெவர்லேக்காரர்கள் பதில் சொன்னார்கள். அறுபது வருடமாகியும் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் எந்தக் கமாரோக்காரரும் என்னோடு பேச்சை முடித்ததில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. கேலி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நம் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேலி செய்துவிட முடியுமா? முறை இருக்க வேண்டும். மாமன் மச்சான் முறை. தெருவில் போகிற எவனோ ஒருவனைக் கேலி செய்தால் அது வம்பு. மச்சானைக் கேலி செய்தால் அது உறவு. ஆனால் அந்த மச்சான்தான் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறுவான், சாவு வீட்டில் முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். அவனுக்குக் கேலி செய்யும் உரிமை அங்கிருந்துதான் வந்தது. சீர் செய்கிறவனுக்குத்தான் சீண்டுகிற உரிமை. சனிக்கிழமை நீங்கள் சீண்டினீர்கள். சீர் எங்கே?

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஷெவிக்காரர். என் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசலில் எப்போதும் ஒரு ஷெவி சில்வராடோ பிக்கப் வண்டி. நான் மஸ்டாங்கை வாங்கி வந்த அன்றே வேலியோரம் வந்து நின்று, "ஐயோ பாவம், படித்த பையன் மாதிரி இருந்தாயே" என்றார். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் வாக்கியம். அதுவரை அந்தத் தெருவில் ஒருவரும் என்னோடு வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. எனக்கு அது கேலியாகவே படவில்லை. உள்ளே வா என்று கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது.

2009 ஜனவரியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகிற நேரம், இன்னும் இருட்டு. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும். பேட்டரி செத்துவிட்டது. பானட்டைத் தூக்கிவிட்டு நிற்கிறேன், மூக்கு மரத்துப்போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் சில்வராடோவின் விளக்கு என் மேல் விழுந்தது. பெரியவர் பைஜாமாவுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கேபிளோடு இறங்குகிறார். பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் மாட்டினார். மைனஸைக் கடைசியாக என் பேட்டரியில் மாட்டப்போன என் கையைத் தட்டிவிட்டு, எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியைக் காட்டினார். பேட்டரி பக்கத்தில் பொறி பறக்கக் கூடாதாம். அத்தனையும் கை ஜாடையில். எஞ்சின் பிடிக்கும்வரை அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. பிடித்தது. கேபிளைக் கழற்றிச் சுருட்டினார். அப்புறம்தான் சிரித்தார்: "இன்றைக்கு ஷெவி ரத்தம் ஏறியிருக்கிறது, இனிமேலாவது உன் மஸ்டாங் குதிரை ஒழுங்காக ஓடும்."

முதலில் கேபிள், அப்புறம் கேலி. நான் இதைக் கற்றது அங்கேதான்.

அதே வருடம் ஜூன் 1. ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்த நாள். அன்று சாயங்காலம் நான் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவரும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவரே, "ஏதாவது சொல்லித் தொலை, நீ சும்மா இருப்பதுதான் தாங்க முடியவில்லை" என்றார். "பேசாமல் ஒரு மஸ்டாங் வாங்கிவிடுங்கள்" என்றேன். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கேலி செய்யச் சொல்லி அவரே கேட்ட பிறகுதான் நான் கேலி செய்தேன். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த வீடியோவை அவருக்குக் காட்டியிருக்க மாட்டேன்.

சரி, குழுவில் வந்த பதில்களுக்கு வருகிறேன்.

'நிறுத்த இடமில்லை, பின்னால் வரிசையாக வண்டிகள்' என்கிறீர்கள். டாட்ஜ் கார் வைத்திருந்த ஒருவருக்கு இடம் கிடைத்ததே. முடிந்தது.

'நீங்கள் எங்கே போனீர்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எதிர்ச்சாரியில் இருந்தேன். வுட்வர்டில் நடுவில் புல்திட்டு, நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. கொஞ்ச தூரம் நேராகப் போய், திட்டில் விட்டிருக்கும் வழியில் வளைந்துதான் வர வேண்டும். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை பதினாறு மைலும் வண்டி நகராத நாள். அந்தத் திருப்பத்துக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஆனாலும் வந்தேன். வந்து பார்த்தால் முன்பின் தெரியாத அந்த டாட்ஜ் சேலஞ்சர்க்காரர் தம்பியின் பானட்டுக்குள் தலையை விட்டிருக்கிறார். ஹீட்டர் ஹோஸ் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் கீறல் விட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. அவர் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பேனாக்கத்தியால் கீறல் விட்ட முனையை ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச ஹோஸை இழுத்து மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் கிளாம்ப்பை முறுக்கிக் கொடுத்தார். மாட்டுகிற வேலை பத்து நிமிடம்கூட இல்லை. நம் மூன்று வண்டியிலும் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. எனக்குத் தெரியும், போன வருடம் நான்தான் எல்லோருக்கும் அந்தக் கிட்டை வாங்கிக் கொடுத்தேன்.

'போன வருடம் அவரும் நம்மைப் பார்த்துச் சிரித்தாரே' என்பதுதான் அதிகம் பேர் சொன்னது. இது என்னை ரொம்பவே வருத்துகிறது, ஏனென்றால் சொன்னவர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள். ராயல் ஓக்கில் நம் ஆள் ஒருவருடைய ஆல்டர்னேட்டர் போய், வண்டி சிக்னலிலேயே நின்றது. தம்பி சிரித்தார்தான். "ரோட்டில் செத்துக் கிடந்தது" என்று கத்தினார்தான். எங்கிருந்து கத்தினார்? அந்த மஸ்டாங்கின் பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே கத்தினார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. அப்புறம் தன் வண்டியில் கடைக்குப் போய்ப் புது ஆல்டர்னேட்டரையும் அவரே வாங்கி வந்தார். இரண்டும் ஒன்றா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

2021இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது எனக்கு முதலில் போன் செய்தவரும் தம்பிதான். ஃபோர்டு ஆலை இருக்கும் மறைமலைநகர் பக்கம், கார் பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில்தான் என் முதல் வேலை என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சில் ஒரு கிண்டல்கூட இல்லை. அரை மணி நேரம் நான் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

'ஃபோர்டுக்காரனாக இருந்துகொண்டு ஷெவிக்கு வக்காலத்தா' என்று கேட்பவருக்கு ஒன்று. வீடியோவில் சிரித்தவர்களில் இரண்டு பேர் வைத்திருப்பது பத்து கியர் ஆட்டோமேட்டிக் மஸ்டாங். அந்தக் கியர்பாக்ஸ் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 2013இல் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து உருவாக்கியது. கமாரோ இசட்எல்1இலும் அதன் இன்னொரு வடிவம்தான். 2008 கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஃபோர்டின் தலைவர் ஆலன் முலாலி போய் உட்கார்ந்தது, எதிராளிக் கம்பெனிகளையும் காப்பாற்றுங்கள் என்று சொல்லத்தான். அரசு கொடுத்த மீட்புக் கடனை ஃபோர்டு வாங்கவில்லை. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் விழுந்தால் இரண்டு பேருக்கும் பாகம் செய்கிற சப்ளையர்கள் விழுவார்கள், அப்புறம் ஃபோர்டும் விழும் என்று அவருக்குத் தெரியும். நான் அப்படி ஒரு சப்ளையரிடம்தான் அன்றைக்கும் வேலை பார்த்தேன். என் சம்பளத்தில் பாதி ஃபோர்டின் நீல முட்டைச் சின்னம், பாதி ஷெவியின் போ டை சின்னம். நான் யாருக்கு வக்காலத்து வாங்குவது?

நம் வண்டியே இவ்வளவு நன்றாக இருப்பது யாரால்? 2010 மஸ்டாங் ஜிடி 315 குதிரைத்திறன். ஏழு வருட இடைவெளிக்கப்புறம் திரும்பி வந்த கமாரோ எஸ்எஸ் 426. அடுத்த வருடமே நமக்கு 5.0 லிட்டர் எஞ்சின் வந்தது, 412. கமாரோ வந்து உதைக்காமல் இருந்திருந்தால் இது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா? நான் நம்பவில்லை. இப்போது அந்தக் கமாரோ இல்லை. 2023 கடைசியோடு லான்சிங் ஆலையில் நிறுத்திவிட்டார்கள். சேலஞ்சரும் அதே சமயத்தில் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த மாதிரிப் பழைய வண்டிகள்தான். அதில் ஒன்று ஓரமாக நின்றால் ஹார்ன் அடிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்வது அதிகப்படி என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். இதே வுட்வர்டு சாலையில், ஹைலண்ட் பார்க்கில், 1982 ஜூனில் வின்சென்ட் சின் என்ற 27 வயதுப் பையனை பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நான்கு நாளில் இறந்துபோனார். அடித்தவர் கிரைஸ்லரில் மேற்பார்வையாளர், உடனிருந்தது அவருடைய மனைவியின் மகன். ஜப்பான் கார்களால் இங்கே ஆயிரக்கணக்கில் வேலை போய்க்கொண்டிருந்த நேரம். வின்சென்ட் ஜப்பானியர்கூட இல்லை, சீனக் குடும்பத்துப் பிள்ளை. கார் தொழிலுக்கு வரைபடம் போடுகிற கம்பெனியில் வேலை பார்த்தவர், நம்மை மாதிரி. அடித்தவர்களுக்கு ஒரு நாள்கூடச் சிறை இல்லை. மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பும் மூவாயிரம் டாலர் அபராதமும்தான். சனிக்கிழமை நடந்ததும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில்லை. ஆனால் வண்டி மேல் இருக்கிற கோபத்தை மனிதன் மேல் இறக்கினால் என்ன ஆகும் என்று பார்த்த ரோடு அது. அந்த ரோட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வெயிலில் நிற்கிறது, நாமே பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறோம் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

தம்பி ஞாயிறு இரவே குழுவிலிருந்து விலகிவிட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் போன் செய்தபோது, "விடுங்கண்ணே, பாப்பாதான் இனிமே கமாரோவுல வர மாட்டேங்குறா" என்றார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் எல்லா ஹோஸையும் மாற்றப்போகிறோம், ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவுகிறோம். ஹோஸும் கிளாம்ப்பும் வாங்கி வைத்துவிட்டேன், கூலன்ட் மட்டும் யாராவது இரண்டு கேலன் கொண்டுவந்தால் போதும். மூன்று பேருக்கும் அவர் வீடு தெரியும். வீடியோவை அழித்துவிட்டு வாருங்கள்.