பட்டியல் போட்டுப் பரிசுத்தம் வராது

வாலிபர் கூட்டம் எதுவாக இருந்தாலும், கேள்வி நேரத்தில் ஒருவர் தவறாமல் எழுந்து கேட்பார்: "பாஸ்டர், நாம படம் பார்க்கலாமா?" பாஸ்டரும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பட்டியல் சொல்வார். பேய்ப் படம் கூடாது, மந்திரவாதக் கதை கூடாது, ஆபாசம் கூடவே கூடாது, வேதாகமக் கதை என்றால் பார்க்கலாம். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி.

எனக்குத்தான் திருப்தி இல்லை. யாரோ நவீனக்காரன் எழுதுகிறான் என்று பாய்ந்துவிடாதீர்கள். தாம்பத்தியம் திருமணத்துக்குள்தான் என்று நம்புகிற பழைய கட்சிக்காரன் நான். "வெறும் பொழுதுபோக்குதானே, மனதை என்ன செய்துவிடும்?" என்ற பேச்சும் என்னிடம் எடுபடாது.

அது மனதை என்ன செய்யும் என்பதற்கு ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். நான்காம் நூற்றாண்டு. அவருடைய நண்பர் அலிப்பியுஸ் சட்டம் படிக்க ரோமுக்குப் போகிறார். மனிதனை மனிதன் வெட்டிச் சாய்க்கும் வாள்சண்டைக் காட்சி என்றாலே அவருக்கு அருவருப்பு. கூடப் படித்தவர்கள் வம்படியாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். "என் உடம்பைத்தான் அங்கே உட்கார வைப்பீர்கள், கண்ணை என்ன செய்வீர்கள்?" என்கிற தோரணையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காதை மூடவில்லை. ஒருவன் விழுந்ததும் கூட்டம் போட்ட கூச்சலில் கண் திறந்துவிட்டது. அவ்வளவுதான். பார்த்தார், கத்தினார், வெறி பிடித்தது. அடுத்த முறை மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகும் ஆளாகிவிட்டார். பிற்காலத்தில் இவர் பிஷப் ஆனார் என்பது வேறு கதை.

ஆகவே, பார்ப்பது ஆளை மாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் நம்முடைய வைத்தியத்தின் மேல்தான்.

1642இல் இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கறார் புராட்டஸ்டன்டுகள் ஓங்கியிருந்த நாடாளுமன்றம் நாடக அரங்குகளை இழுத்து மூடியது. 1660இல் மன்னராட்சி திரும்பியது, அரங்குகளும் திறந்தன. அப்புறம் மேடையேறிய நகைச்சுவை நாடகங்கள் முன்பைவிடப் பச்சையாக இருந்தன. 1997இல் அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகள் டிஸ்னியைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டன. ஒருபால் துணையோடு வாழும் ஊழியர்களுக்கும் அந்த நிறுவனம் சலுகை கொடுத்தது அதற்கு ஒரு காரணம். 2005இல் அவர்களே தீர்மானத்தை முடித்துக்கொண்டார்கள். டிஸ்னி அதன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

பட்டியல்களிலேயே பெரிய பட்டியல், படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று ஹாலிவுட்டுக்கு 1930இல் எழுதப்பட்ட ஹேய்ஸ் விதிகள். எழுதியதில் முக்கியப் பங்கு ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு. 1934 முதல் கறாராக அமல்படுத்தினார்கள், 1968இல் கைவிட்டார்கள். திருமணத்தின் புனிதத்தைக் காக்க வேண்டும், குற்றத்தின் மேல் பார்ப்பவருக்கு அனுதாபம் வரக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. படிக்கும்போது தலையாட்டத்தான் தோன்றும். அதே விதிகளில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதலோ கல்யாணமோ காட்டக்கூடாது என்றும் இருந்தது. மோசே எத்தியோப்பிய ஸ்திரீயை விவாகம் பண்ணியதற்காக முறுமுறுத்த அவருடைய அக்கா மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்தது என்று வேதம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பட்டியல் போடுகிறவனின் பாவமும் பட்டியலோடு சேர்ந்தே வரும்.

சரி, இதெல்லாம் பழைய கதை. இன்றைய சங்கதிக்கு வருவோம்.

விசுவாசக் குடும்பங்களில் குடும்ப ஜெபத்தை அழித்தது ஆபாசப் படமா? நான் பார்த்தவரை இல்லை. சுத்தமான, எல்லோரும் சேர்ந்து பார்க்கக்கூடிய, எந்தப் பாஸ்டரும் ஆட்சேபிக்காத நிகழ்ச்சிகள்தான் அழித்தன. ஒரு பகுதி முடிந்து சில நொடிகளில் அடுத்தது தானாக ஓடுகிறது. ரிமோட்டைத் தேடி நிறுத்துவதற்குள் கதை தொடங்கிவிடும். நெட்ஃபிளிக்ஸ் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல், எங்கள் போட்டி தூக்கத்தோடுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார். தூக்கத்தோடே மல்லுக்கு நிற்கிறவர்களுக்கு நம்முடைய பத்து நிமிட ஜெபம் எம்மாத்திரம்?

மிச்சம் இருக்கும் ஜெபத்தைப் பாருங்கள். அப்பா ஒரு சங்கீதம் வாசிக்கிறார், சின்னதாகப் பார்த்து. அம்மா ஜெபிக்கிறார். சோபாவில் கவிழ்த்து வைத்த போன் ஜெபத்துக்கு நடுவே இரண்டு தரம் அதிர்கிறது. பையனின் கண் மூடித்தான் இருக்கிறது, விரல் மட்டும் அசைகிறது. "ஆமென்" சொல்லி முடிப்பதற்குள் நான்கு கைகளும் நான்கு போன்களுக்குப் போய்விடுகின்றன. அதில் யாரும் கெட்டதைப் பார்க்கவில்லை. அப்பா கேட்பது பிரசங்கத் துணுக்கு, அம்மா பார்ப்பது ஆராதனைப் பாடல் ரீல்ஸ். முப்பது நொடியில் அபிஷேகம், அடுத்த தள்ளலில் சமையல் குறிப்பு.

"எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" என்ற அப்போஸ்தலன் பவுல், "ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்றும் எழுதினார். அந்த 'ஒன்றிற்கும்' என்பதில் கிறிஸ்தவ ரீல்ஸும் அடக்கம். பிள்ளைகளிடம் வேதத்தைப் பற்றி எப்போது பேச வேண்டும் என்று வேதாகமத்தின் உபாகமம் 6ஆம் அதிகாரம் சொல்லும் நேரங்களையும் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. போன் பிடித்து வைத்திருப்பதும் இதே நான்கு நேரத்தைத்தான்.

வெளியில் இருப்பவர்கள் "உங்கள் ஒழுக்கத்தை எங்கள் மேல் திணிக்காதீர்கள்" என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். "புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா?" என்று பவுலே கேட்டிருக்கிறார். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அவர்களுடைய கவிஞர்களையே மேற்கோள் காட்டிப் பிரசங்கம் பண்ணியவர் அவர். சினிமாக்காரனைத் திட்டும் பிரசங்கத்துக்குக் கைதட்டல் விழும். கைதட்டும் நமக்கு அதனால் ஒரு செலவும் இல்லை.

பாஸ்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீடு சந்திக்கப் போகும்போது "என்ன படம் பார்க்கிறீர்கள்?" என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்குத் திரைகளை அணைக்கிறீர்கள்? யார் முதலில் அணைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளைகளைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். அப்பாக்கள் கொஞ்சம் நெளிவார்கள், பரவாயில்லை.